ஊரார் வாயில் வாழும் குத்துச்சண்டை வீரர்

அரசன் வென்ற போரைக் கல்வெட்டுச் சொல்லும். ஊர் மல்லன் வென்ற சண்டைக்கு ஊரார் வாயன்றி வேறு சாசனம் இல்லை. இஃது இன்று நேற்று ஏற்பட்ட நிலையன்று. சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருத செய்தியை நாம் எவ்வாறு அறிகின்றோம்? சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடிய புறநானூற்றுப் பாட்டுக்களால் அன்றோ? 80 முதல் 85 வரையுள்ள அவ் ஆறு பாட்டுக்களும் இலவேல், அம் மற்போரும் மறைந்தே போயிருக்கும்.

நிற்க. வடசென்னையில் வேரூன்றிய குத்துச்சண்டையின் வரலாறும் இத்தகையதே. கையுறை அணிந்து பொரும் இம் முறை ஆங்கிலப் படையினர், கப்பலாட்கள் வாயிலாக வந்தது. 1867-இல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளின்படி ஒரு சுற்றுக்கு 3 நிமிடம். இடையே 1 நிமிடம் ஓய்வு. வீழ்ந்தவன் 10 எண்ணுவதற்குள் எழல் வேண்டும். அந்நியர் கலையாயினும் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என அணிகள் எழுந்தன. பரம்பரை என்பது இங்குக் குருதி வழியன்று, ஆசான் வழி. பல குலத்தாரும் பல சமயத்தாரும் ஓர் ஆசானிடம் பயின்று ஒரு பரம்பரையினர் ஆயினர். நம் போன்ற சங்கத்தார் ஆழ்ந்து கருதத்தக்கது இது.

1940-களில் நாட் டெர்ரி என்பாரைக் கித்தேரி முத்து வென்ற கதையை, அதனைக் காணாத பேரப்பிள்ளைகளும் கண்டார்போற் கூறுவர். 1980-இல் உலக வீரர் முகம்மது அலி சென்னைக்கு வந்து தம் ஆற்றலைக் காட்டினார். ஆயினும் வடசென்னை முதியோர் நாவில் முதலில் எழுவது தம் தெருப் பிள்ளையின் பெயரே. 2021-இல் வெளிவந்த திரைப்படத்தால் சார்பட்டா என்னும் பெயரை உலகறிந்தது.

இந் நினைவில் குறை ஒன்றுண்டு. அது மணியொலியில் தொடங்கி மணியொலியில் முடிகின்றது. வென்றவன் பெயர் நிற்க, தோற்றவன் பெயர் தேய்கின்றது. தலையிற் பட்ட அடிகள் முதுமையில் என்ன செய்தன, மேடை விளக்கு அணைந்தபின் அவ் வீரன் குடும்பம் எவ்வாறு உண்டது என வினவுவார் இலர். கைதட்டியவர்க்குக் கடன் அவ்வளவில் தீர்ந்துவிடுமோ?

காட்டேரிக்குப்பத்திலிருந்து இதனை எழுதும் யான் சென்னைக் களத்தைக் கண்டவன் அல்லேன். எனினும் நம் வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களிலும் சிலம்பத்திலும் சடுகுடுவிலும் பெயர் பெற்றோர் உண்டு. அன்பர் தத்தம் ஊர் முதியோரை அணுகி, வீரர் பெயர், ஆசான் பெயர், பொருத இடம், வெற்றி, தோல்வி, பின்னாள் வாழ்வு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராக. முதியோர் மறையுமுன் செய்யத்தக்க பணி இது.