கேம்ஷாஃப்ட் மாற்றம்: தட்டை லிஃப்டரும் ரோலர் லிஃப்டரும்

புஷ்ராட் எஞ்சினில் கேம்ஷாஃப்டின் மேடு லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ்ராடைத் தள்ள, ராக்கர் ஆம் வழியாக வால்வு திறக்கிறது. லிஃப்டரின் அடி தட்டையாக இருக்கும், அல்லது அதில் ஒரு ரோலர் இருக்கும். 1955-இல் அறிமுகமான அமெரிக்காவின் செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 தட்டை லிஃப்டருடன் வந்தது. அதன் கார் எஞ்சின்களில் ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர் 1987 மாடலில் புகுந்தது.

தட்டை என்பது பேச்சுக்குத்தான். அந்த அடிப்பரப்பு நடுவில் ஏறத்தாழ 0.05 மி.மீ. புடைத்திருக்கும், கேம் மேடும் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். இதனால் லிஃப்டர் ஏறி இறங்கும்போதே தன் துளைக்குள் சுழன்று தேய்மானத்தைப் பரப்புகிறது. சுழற்சி நின்றால் மேடு விரைவில் மழுங்கிவிடும். ரோலர் லிஃப்டரோ திரும்பவே கூடாது. அதனால் தொழிற்சாலை வடிவமைப்பில் ஜோடி ஜோடியாக லிஃப்டர்களைத் தகடுகள் பிடித்துக்கொள்கின்றன.

ஒன்றின் கேமை மற்றதன் லிஃப்டரோடு ஓட்ட முடியாது. ரோலர் கேமின் மேடு வேகமாக ஏறுவதால் தட்டை லிஃப்டரின் விளிம்பு அதைக் கீறிவிடும். தட்டை வகைக் கேமில் ரோலரை வைத்தால், சரிந்த மேட்டில் ரோலரின் ஓரம் மட்டுமே சுமை தாங்கும். தட்டைக் கேமின் வார்ப்பிரும்பு அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்காது.

கேம், லிஃப்டர் இரண்டையும் சேர்த்து ரோலருக்கு மாற்றினாலும் வேலை முடிவதில்லை. லிஃப்டர் திரும்பாதிருக்க, பழைய பிளாக்குக்குப் பட்டையால் இணைத்த லிஃப்டர் ஜோடிகள் வேண்டும். ரோலர் லிஃப்டர் உயரமானது. ஆகவே புஷ்ராட் குட்டையாக வேண்டும். மேட்டின் சரிவு தட்டைக் கேமைப் பின்னோக்கி அழுத்தி வைத்திருந்தது; ரோலர் கேமில் அந்தச் சரிவு இல்லாததால் தண்டு முன்னே நகராதபடி தடுப்பு தேவை. பலர் கோட்டைவிடுவது டிஸ்ட்ரிபியூட்டர் கியரில்தான். எஃகாலான ரோலர் கேமோடு பழைய வார்ப்பிரும்புக் கியரை விட்டுவைத்தால் பற்கள் அரைபட்டு, இக்னிஷன் டைமிங் தடுமாறி, உலோகத்தூள் ஆயிலில் கலக்கும். கேம் தயாரிப்பாளர் சொல்லும் கியரையே போட வேண்டும்.

தட்டை வகையிலேயே புதுக் கேம் போடுபவர்கள் லிஃப்டர்களையும் புதிதாகவே வாங்க வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல், துத்தநாகமும் பாஸ்பரஸும் மிகுந்த ஆயிலோடு, சுமார் 2,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் 20 நிமிடம் ஓட்டுவது வழக்கம். பழைய கேமையே திரும்பப் பூட்டினால், ஒவ்வொரு லிஃப்டரும் தான் ஓடிப் பழகிய மேட்டுக்கே போக வேண்டும். கழற்றும்போதே எண்ணிட்டு வைப்பது அதற்காகத்தான்.