ஆடுகளம் இல்லாத சாம்பியன்கள்

பில் ரஸ்ஸல் கதையை எல்லோரும் பாஸ்டனிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். செல்டிக்ஸ் அணிக்காக ஆடிய 13 சீசனில் 11 பட்டம் வாங்கியவர். வேறு எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆனால் கல்லூரிப் பையன்களுக்கு விசில் ஊதியே தலை நரைத்த என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய நாலு வருஷம்தான் படிக்க வேண்டியது என்பேன். ஒரு கல்லூரி அணி எப்படி உருவாகிறது, எப்படிக் கெட்டுப்போகிறது என்ற இரண்டும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் இருக்கிறது.

1855-ல் சேசு சபைக் குருக்கள் புனித இஞ்ஞாசியார் பெயரில் தொடங்கிய சின்னப் பள்ளிதான் பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகமானது. நம்மூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால் திருச்சி ஜோசப் கல்லூரியும் சென்னை லயோலாவும் அதே சபையின் வீடுகள்தான். பணக்காரக் கல்லூரி இல்லை. 1949-ல் பீட் நியூவெல் கோச்சாக இருந்தபோது நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டியில் கோப்பை வென்றார்கள். அன்றைக்கு அது பெரிய கோப்பை. ஆனால் ஊர் திரும்பினால் பயிற்சி எடுக்கச் சொந்தமாக ஒரு உள்ளரங்கம் கிடையாது. புனித இஞ்ஞாசியார் உயர்நிலைப் பள்ளியின் ஜிம்மில் இடம் கேட்டுப் பயிற்சி. ஆட்டங்கள் கெசார் பெவிலியனில். கூட்டம் அதிகமென்றால் நகர எல்லையில் இருந்த 'கவ் பேலஸ்' அரங்கில். கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய கூடம் அது.

1950-ல் நியூவெல் போனதும் பில் உல்பர்ட் வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் லயோலாவில் நியூவெல்லோடு சேர்ந்து ஆடியவர், அதே இஞ்ஞாசியார் பள்ளியில் பையன்களைப் பயிற்றுவித்தவர். இருவருக்கும் ஒரே மதம்: டிஃபென்ஸ். எதிராளியை முதலில் கட்டிப்போடு, புள்ளி தானாக வரும்.

அடுத்த வருஷம் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது, கூடைப்பந்து விஷயம் இல்லை என்றாலும். 1951-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்பது ஆட்டமும் வென்று தோல்வியே இல்லாமல் நின்றது. சீசன் முடிந்து நடக்கும் பெரிய பவுல் போட்டிக்கு அழைப்பு வர வேண்டும். ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வருவதானால் வரலாம் என்று சேதி வந்தது. அணி முழுக்க மறுத்துவிட்டது. அழைப்பு வரவில்லை. செலவு தாங்காமல் அந்தக் கால்பந்து அணியையே கல்லூரி மூடிவிட்டது. உல்பர்ட்டின் பையன்கள் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட வளாகத்துக்கு.

ரஸ்ஸல் லூசியானாவின் மன்ரோவில் பிறந்தவர். குடும்பம் ஓக்லண்டுக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் அம்மா இறந்துவிட்டார். மெக்லிமண்ட்ஸ் பள்ளி அணியில் அவர் பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் நினைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஹால் டிஜூலியோ ஒரு பள்ளி ஆட்டத்தைப் பார்க்கப் போனார். ரஸ்ஸல் அன்று போட்டது 14 புள்ளி. அவருக்கு அதுவே அதிகம். புள்ளியை வைத்துப் பார்க்கிறவன் அந்தப் பையனைத் தாண்டிப் போயிருப்பான். டிஜூலியோ அவர் கால் எங்கே நிற்கிறது, எப்போது எழும்புகிறார் என்று பார்த்தார். அப்படி அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்ததுதான் ரஸ்ஸலுக்குக் கிடைத்த ஒரே உதவித்தொகை.

விடுதியில் அவருக்கு அறைத்தோழர் கே.சி. ஜோன்ஸ். ஆறடி ஓரங்குலம், வாயே திறக்காத கார்டு. வந்த புதிதில் வாரக்கணக்கில் ரஸ்ஸலிடம் பேசவே இல்லையாம். பேச ஆரம்பித்ததும் இருவரும் பேசியது பந்தின் கோணங்களைப் பற்றி. எந்தப் பக்கத்திலிருந்து ஷாட் அடித்தால் ரீபவுண்ட் எங்கே விழும், எதிராளியை எந்தப் பக்கம் நகர்த்தினால் அவன் தானாக ரஸ்ஸலின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்து சேருவான் என்று கணக்குப் பாடம் மாதிரி நடந்திருக்கிறது.

அந்தக் காலத்துப் பாடம் வேறு. தடுக்கிறவன் பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் ஏமாந்தாய் என்று எல்லாக் கோச்சும் சொல்வார். உல்பர்ட்டும் முதலில் அதையே சொன்னார். ரஸ்ஸல் எழும்பினார். 1956-ல் உயரம் தாண்டுதலில் 6 அடி 9¼ அங்குலம் தாண்டிய ஆள் அவர். அப்படிப்பட்டவனிடம் தரையிலேயே நில் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் பையன்கள் ஷாட்டைத் தடுக்கும்போது பந்தைக் காலரிக்கே அறைந்து அனுப்புவார்கள். கைதட்டல் கிடைக்கும். பந்து? வெளியே போனதால் மறுபடி எதிராளிக்கே போகும். ரஸ்ஸல் அறையமாட்டார். விரல் நுனியால் தட்டி, தன் ஆள் நிற்கும் பக்கம் திருப்பிவிடுவார். அங்கே ஜோன்ஸோ ஹால் பெர்ரியோ பந்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருப்பார்கள். ஒரே தொடுகையில் எதிராளியின் இரண்டு புள்ளியும் போச்சு, நமக்கு இரண்டு புள்ளியும் வந்தாச்சு. இதை நான் சொல்லிக்கொடுத்து எந்தப் பையனும் முழுசாகக் கேட்டதில்லை. கைதட்டல் பெரிய எதிரி.

1953-54 சீசனில் ஜோன்ஸ் ஒரே ஆட்டம் ஆடினார். குடல்வால் வெடித்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். அணி 14 வெற்றி, 7 தோல்வி என்று சீசனை முடித்தது. யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த சீசனின் மூன்றாவது ஆட்டத்தில் ஜான் வுடனின் யூ.சி.எல்.ஏ. அணியிடம் 47-40 என்று தோற்றார்கள். ஒரே வாரத்தில் அதே அணியை 56-44 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு அவர்களைத் தோற்கடிக்க ஆளில்லை.

அந்த டிசம்பரில் ஓக்லஹோமா நகரத்தில் ஒரு போட்டி. உல்பர்ட்டின் முதல் ஐவரில் ரஸ்ஸல், ஜோன்ஸ், பெர்ரி மூவரும் கறுப்பினத்தவர். பெரிய கல்லூரிகள் ஒருவரை இறக்கவே யோசித்த காலம். நகரத்து ஓட்டல்கள் மூவருக்கும் அறை தர மறுத்தன. வெள்ளை வீரர்கள் ஓட்டலுக்குப் போகவில்லை. விடுமுறையில் ஆளில்லாமல் கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் எல்லோரும் சேர்ந்தே தங்கினார்கள். பயிற்சியின்போது கூட்டத்திலிருந்து கேலி செய்து காசுகளை வீசினார்கள். ரஸ்ஸல் அவற்றைப் பொறுக்கி, பத்திரமாக வைத்திருங்கள் என்று உல்பர்ட்டின் கையில் கொடுத்தாராம். போட்டியையும் வென்றார்கள். உல்பர்ட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் முதல் ஐவரை மாற்றவில்லை.

1955 மார்ச், கான்சஸ் நகரம், தேசிய இறுதியாட்டம். எதிரே முந்தைய வருஷத்துச் சாம்பியன் லா சால். அவர்களுடைய டாம் கோலா 6 அடி 6 அங்குலம். அந்நாளில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொன்னவர். ரஸ்ஸல்தான் அவரை மறிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். உல்பர்ட் அனுப்பியது ஐந்து அங்குலம் குட்டையான ஜோன்ஸை. ரஸ்ஸல் வளையத்தடியிலேயே நின்று ரீபவுண்டைப் பார்த்துக்கொண்டார். ஜோன்ஸ் கோலாவை ஒட்டிக்கொண்டே ஓடியதோடு 24 புள்ளியும் போட்டார். ரஸ்ஸல் 23 புள்ளி, 25 ரீபவுண்ட். 77-63. ஒரு கோச்சாக எனக்குப் பொறாமை வருகிற முடிவு இது. பெரிய ஆளுக்குப் பெரிய ஆள் என்று யோசிப்பது எளிது.

அந்த வருஷம் வட கலிஃபோர்னியாவின் சிறந்த வீரர் என்ற விருது மட்டும் சாண்டா கிளாராவின் சென்டருக்குப் போனது. இனி விருதை நம்பக் கூடாது, வெற்றிப் பட்டியலை மட்டுமே நம்ப வேண்டும் என்று ரஸ்ஸல் முடிவெடுத்தது அங்கேதான்.

வளையத்துக்கு முன்னால் கட்டம் கட்டிய பகுதியை இங்கே 'டி' என்போம். அதன் அகலம் அப்போது 6 அடிதான். ரஸ்ஸல் மாதிரி ஆட்கள் அதன் ஓரத்தில் நின்றாலே வளையம் கைக்கெட்டும். அந்த ஆண்டுகளிலேயே அதை 12 அடியாக அகலப்படுத்தினார்கள். வளையத்தின் மேலே இருக்கும் சொந்த அணியின் பந்தைத் தட்டி உள்ளே விடுவதையும் தடை செய்தார்கள். ஒரு பையனைக் கட்டுப்படுத்தக் கோடுகளையே மாற்றினார்கள் என்பது பாதி உண்மைதான். கோடு தள்ளிப்போனதில் வளையத்தடியில் கூட்டம் குறைந்தது; வேகமான, துள்ளுகிற ஆளுக்கு அது இன்னும் வசதி.

1955-56-ல் 29 ஆட்டம், 29 வெற்றி. தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற முதல் அணி. அந்தப் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஜோன்ஸ் கிடையாது! குடல்வாலுக்கு முன் ஆடிய அந்த ஒற்றை ஆட்டத்தையும் ஒரு சீசனாகக் கணக்கெடுத்து அவருக்குத் தகுதி இல்லை என்றுவிட்டார்கள். ஜீன் பிரவுன் அந்த இடத்தில் ஆடினார். இவான்ஸ்டனில் நடந்த இறுதியாட்டத்தில் அயோவா 15-4 என்று முந்தியது. முடிவு 83-71, ரஸ்ஸலுக்கு 26 புள்ளி, 27 ரீபவுண்ட். அதே வருஷக் கடைசியில் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ரஸ்ஸலும் ஜோன்ஸும் தங்கம் வாங்கினார்கள்.

தொடர் வெற்றி 60 வரை போய், 1956 டிசம்பரில் இலினாயிடம் நின்றது. அந்தச் சாதனையை 1973-ல் உடைத்தது யார் என்று பார்த்தால் வுடனின் யூ.சி.எல்.ஏ.! 1958-ல் பல்கலைக்கழகத்துக்கு ஒருவழியாகச் சொந்த அரங்கம் வந்தது. அடுத்த வருஷமே உல்பர்ட் விலகிவிட்டார். வேறு கல்லூரியில் கொஞ்ச காலம் பயிற்சியாளராக இருந்தார். கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் சீக்விம் என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். இரண்டு தேசியப் பட்டம் வென்றவர். இதைப் பரிதாபம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஸ்டியரிங் பிடித்தவரை யாரும் மதிப்பெண் பலகையைக் காட்டிக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அரங்கமும் பெயரும் வந்த பிறகு பணமும் வந்தது. 1977-ல் பில் கார்ட்ரைட் ஆடிய அணி 29 ஆட்டம் தோற்காமல் நாட்டின் முதலிடத்தில் நின்று, நோத்ர டாமிடம் விழுந்து, தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே லாஸ் வேகாஸ் அணியிடம் 121-95 என்று நொறுங்கியது. 121 புள்ளி! டிஃபென்ஸ் என்ற சொல்லே அந்தக் கட்டடத்தில் மறந்துபோயிருந்தது போல. அதற்குப் பிறகு விதிமீறல், எச்சரிக்கை, மறுபடியும் விதிமீறல். 1982-ல் நட்சத்திர வீரர் ஒருவர் ஒரு மாணவியைத் தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த விசாரணையில்தான், செய்யாத வேலைக்குப் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மாதம் 1,000 டாலர் வாங்கிவந்ததும் வெளிவந்தது.

பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை ஜான் லோ ஷியாவோ அந்த ஜூலையில் அணியையே மூடினார். யாரும் மூடச் சொல்லவில்லை; தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தண்டனையும் இல்லை. தாமாகச் செய்தார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். கோச்சை மாற்றியிருக்கலாமே, பையனை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று இன்றும் கேட்கிறார்கள். விளையாட்டுக் கோட்டாவில் சீட்டும், சீட்டுக்குப் பின்னால் கவரும் கைமாறுவதை நம் பக்கத்திலும் கேள்விப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதர் செய்தது சரி. ஓட்டல் மறுத்தபோது சேர்ந்து விடுதியில் படுத்த பையன்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட அந்த வருஷம் அங்கே யாருக்கும் யோக்கியதை இல்லை.

1985-ல் திரும்ப ஆட வந்தார்கள். கோச்சாக வந்த ஜிம் புரோவெல்லி அதே கல்லூரியில் ஆடிய பழைய மாணவர். பழைய உச்சம் வரவில்லை. தேசியப் போட்டிக்குள் மறுபடி நுழைய 1998 ஆனது. அதற்கடுத்த முறை 2022. அந்த ஆட்டம் நமக்கு விடிந்த பிறகு. காலைக் காப்பியோடு பார்த்தேன். மரே ஸ்டேட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 92-87 என்று தோற்றார்கள். நல்ல ஆட்டம், ஓட்டமும் இருந்தது. ஆனால் 92 புள்ளி விட்டுக்கொடுத்திருந்தார்கள். உல்பர்ட் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.