அழைத்த கடற்கரைகளும் நம்பிச் சென்ற மக்களும்

 

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். பட்டாசு ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிச் சேர்த்த தொகை அவரிடம் இருந்தது. கையில் ஒரு வண்ணத் துண்டறிக்கை. அதில் தென்னை மரங்கள், நீலக்கடல், அகலமான தார்ச்சாலை. “ஹஜ்ரத், தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் மனை போடுகிறார்கள். வாங்கலாமா?” என்று கேட்டார். மனை வாங்குவது பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும் “வந்து குடியேறுங்கள், முதலிடுங்கள்” என்று கடற்கரைகள் மக்களை அழைப்பது நேற்று இன்று தொடங்கியதன்று என்பதை ஓரளவு படித்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே உங்கள் அனைவரின் சிந்தனைக்கும் இங்கே வைக்கின்றேன்.

காயல் அழைத்தது

நம் மாவட்டத்திற்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் காயல் என்னும் துறைமுகம் சிறந்து விளங்கிற்று. 1292ஆம் ஆண்டளவில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலங்கள் யாவும் காயலைத் தொட்டுச் செல்வதாக எழுதியுள்ளார். மன்னர் நீதியுடன் ஆள்வதாலும், அயல்நாட்டு வணிகர்களை ஆதரிப்பதாலுமே அவர்கள் விரும்பி வருகின்றனர் என்பது அவர் கூறும் காரணம்.

அந்த ஆதரவு எத்தகையது என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விளக்குகின்றார். பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டிற்கு அனுப்புவதாக உடன்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலும், இறந்தே போனாலும், அதன் விலை வணிகருக்குக் கொடுக்கப்பட்டது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. வேற்று மார்க்கத்தைச் சேர்ந்த, வேற்று நாட்டு மனிதரை நம்பித் தம் துறைமுகங்களை ஒப்படைத்த மன்னரின் உள்ளமே காயலின் முதல் மூலதனம் என்றால் அது மிகையாகாது.

ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிலும் இதுபோன்ற ஓர் அழைப்பு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. காகதீய மன்னர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட அபய சாசனம் அது. புயலில் சிக்கிக் கரையொதுங்கும் கப்பல்களின் சரக்கை முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்பதை அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இனி முப்பதில் ஒரு பங்கு சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று அவர் வாக்களித்தார். தென்னையையும் தென்றலையும் காட்டி அவர் வணிகரை அழைக்கவில்லை. “உம் பொருள் உமக்கே” என்ற உறுதியைக் காட்டியே அழைத்தார்.

மணல்மேட்டில் ஒரு நகரம்

1639ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றபோது அங்கே துறைமுகம் ஏதும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே பேரலைகளைக் கடந்து சரக்கையும் மனிதர்களையும் கரை சேர்த்தன. அத்தகைய இடத்திற்கு மக்களை வரவழைக்க, குடியேறுவோர் உண்பன, குடிப்பன, உடுப்பன ஆகியவற்றிற்கு முப்பது ஆண்டுகள் சுங்கமில்லை என்று கம்பெனியார் அறிவித்தனர். நெசவாளர்களும் வணிகர்களும் குடும்பத்துடன் வந்தனர். மணல்மேடு நகரமாயிற்று. சலுகை ஓர் ஊரை உண்டாக்கும் என்பதற்கு இது சான்று. எனினும் அச்சலுகையை வழங்கியோர் தம் வாணிபத்திற்குத் துணிகள் வேண்டுமென்றே வழங்கினர் என்பதையும் மறத்தலாகாது. அழைப்பவரின் ஆதாயம் எதுவென்று அறிந்துகொள்வது அழைக்கப்படுபவரின் கடமையாகும்.

தூத்துக்குடியில் நம்மவர் இட்ட முதல்

1876ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. விருதுபட்டி என்று அப்போது அழைக்கப்பட்ட நம் விருதுநகர் அந்த வழியில் அமைந்ததால், கரிசல் காட்டுப் பருத்திக்குக் கடல் அருகே வந்துவிட்டது. ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. அதனை எதிர்த்து 1906ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்; மூலதனம் பத்து லட்சம். இதில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாயை, ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள் தாம் ஒருவராகவே ஏற்றார். ஐந்தில் ஒரு பங்கு! இதனை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கின்றோமா?

அந்த முதலீட்டின் முடிவையும் சொல்லியாக வேண்டும். எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. 1908ஆம் ஆண்டு சிதம்பரனார் கைது செய்யப்பட்டுக் கடுந்தண்டனைக்கு உள்ளானார். 1911ஆம் ஆண்டு சங்கம் கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியோர் பொருளை இழந்தனர். ஆயினும் தாம் எதற்காகக் கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுத்தவர்கள் அவர்கள். இழப்பிலும் அவர்களுக்கு ஒரு கண்ணியம் இருந்தது. அறியாமல் கொடுத்து இழப்பவருக்கு அந்த ஆறுதலும் கிட்டாது.

கடல் தந்ததும் கொண்டதும்

காயல் என்னவாயிற்று? 1310ஆம் ஆண்டளவில் குலசேகர பாண்டியர் தம் மகனாலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தது. அரசு நிலைகுலைந்தது. காலப்போக்கில் தாமிரபரணியின் வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது, கடல் விலகியது. முன்னொரு காலத்தில் கொற்கைக்கு நேர்ந்தது காயலுக்கும் நேர்ந்தது. அரபுக் குதிரைகள் இறங்கிய துறை இன்று பழையகாயல் என்னும் சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஆராய்ந்த கால்டுவெல் கண்டவை உடைந்த ஓடுகளும் சீனப் பாத்திரத் துண்டுகளுமே.

தனுஷ்கோடி இன்னும் அண்மைக் காலத்துப் பாடம். 1914ஆம் ஆண்டு முதல் ரயிலும் கப்பலும் அங்கே சந்தித்தன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் ஊரும் ரயிலும் அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை நம்மில் பலரும் நேரில் அறிவோம்.

மறுபுறம், நம் சிவகாசிக்குக் கடலும் இல்லை, ஆறும் இல்லை. வானம் பார்த்த பூமி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். மழையின்மையையே மூலதனமாக்கினர். ஊரை வாழ வைப்பது கடற்காற்று மட்டுமன்று. கைத்தொழிலும் கற்கும் மனமும் என்பதற்கு நாமே சாட்சி.

இன்று நாம் செய்ய வேண்டுவது

1974ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடி மீண்டும் அழைக்கின்றது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. இவை உண்மையான வளர்ச்சிகள். நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குச் செல்வதற்கு முன் இங்குள்ள வேலைவாய்ப்புகளையும் விசாரித்தறிவது நலம். ஆனால் ஆலை வந்திருப்பது வேறு. ஆலையின் பெயரைச் சொல்லி எவரோ விற்கும் மனை வேறு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக உள்ளனவா? மனைப்பிரிவுக்கு அங்கீகாரமும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் உண்டா? கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் பொருந்துமே, அங்கு வீடு கட்ட இயலுமா? இவற்றைக் கேட்காமல் ஒரு ரூபாயும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

பெரியவரிடம் நான் இன்னும் ஒன்று கூறினேன்: “கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டீர்கள். ஐப்பசி மழையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.” மகனை அழைத்துக்கொண்டு அவ்வாறே சென்று வந்தார். துண்டறிக்கையில் பூங்கா என்று காட்டிய இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றதாம். அருகில் உப்பளத்தில் வேலை செய்தவர், “இங்கே வருசா வருசம் இப்படித்தான் நிக்கும், பாய்” என்றாராம். பெரியவரின் பணம் இன்னும் அவரிடமே இருக்கின்றது. வேறு நல்ல இடம் தேடிக்கொண்டிருக்கிறார். கடலோரமாகவே அமைந்தாலும் நல்லதே; அவர் விசாரித்து வாங்கட்டும்.

வஸ்ஸலாம்.