ஒரு ஆளுக்கு எவ்வளவு காற்று? - காற்றோட்டத்தின் கதை

உணவு இல்லாமல் மனிதன் சில வாரங்கள் உயிர் வாழலாம். தண்ணீர் இல்லாமல் சில நாட்கள். காற்று இல்லாமல் சில நிமிடங்கள்தான். வளர்ந்த ஒரு மனிதர் ஒரு நாளைக்கு 10,000 லிட்டருக்கும் மேல் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறார். குடிக்கும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆனால் மூச்சுவிடும் காற்று கலங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதும் இல்லை.

நம் முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள். தமிழில் ஜன்னலுக்கு "காலதர்" என்று ஒரு பழைய பெயர் உண்டு. சிலப்பதிகாரத்திலும் இந்தச் சொல் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தில் உள்ள "விண்டோ" என்ற சொல்லும் இப்படிப்பட்டதுதான். பழைய நார்ஸ் மொழியில் "காற்றின் கண்" என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து அது வந்தது. இரண்டு மொழிகளிலும் ஜன்னல் என்பது வேடிக்கை பார்க்க வைத்தது அல்ல, காற்று வர வைத்தது.

சரி, ஒரு அறைக்குள் இருக்கும் ஒரு ஆளுக்கு எவ்வளவு புதுக் காற்று வேண்டும்? சாதாரணமான கேள்விதான். ஆனால் கடந்த 200 ஆண்டுகளில் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் 4, 30, 10, 5, 15 என்று ஏறி இறங்கியிருக்கின்றன (எல்லாம் ஒரு ஆளுக்கு நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு). மனிதனின் நுரையீரல் இந்த 200 ஆண்டுகளில் மாறவில்லை. பிறகு ஏன் பதில் மாறியது? இதுதான் இந்தக் கட்டுரை.

ஜன்னலுக்கு வரி

1696இல் இங்கிலாந்தில் மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில் ஜன்னலுக்கு வரி போடப்பட்டது. வீட்டில் பத்து ஜன்னலுக்கு மேல் இருந்தால் கூடுதல் வரி. பணக்காரர் வீட்டில் ஜன்னல் அதிகம் இருக்கும், எனவே பணக்காரர்தான் அதிகம் கட்டுவார் என்பது அரசின் எண்ணம். மக்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்! இன்றும் இங்கிலாந்தின் பழைய தெருக்களில் அப்படி அடைத்த ஜன்னல்களைப் பார்க்கலாம்.

இதில் கஷ்டப்பட்டவர்கள் ஏழைகள்தான். ஒரே பெரிய கட்டடத்தில் பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும். வரியோ முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து. வீட்டுக்காரர் செலவைக் குறைக்க ஜன்னல்களை மூடிவிடுவார். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வரியா என்று மருத்துவர்களும் சீர்திருத்தவாதிகளும் போராடினார்கள். 1851இல்தான், அதாவது 155 ஆண்டுகள் கழித்துத்தான், இந்த வரி ஒழிந்தது.

சிறையின் மேல் ஒரு காற்றாலை

1750இல் லண்டனில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஒரு பயங்கரம் நடந்தது. பக்கத்தில் இருந்த நியூகேட் சிறையிலிருந்து கைதிகளை விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நெரிசலான அறையில் இருந்தவர்களுக்குச் "சிறைக் காய்ச்சல்" பரவியது. லண்டன் மேயர், இரண்டு நீதிபதிகள் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கைதிகள் செத்தபோது கவலைப்படாத அரசாங்கம் இப்போது விழித்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் நோய்கள் "கெட்ட காற்றால்" வருகின்றன என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், விஞ்ஞானியும் கூட, 1741இலேயே காற்றை உள்ளே தள்ளும் பெரிய துருத்திகளைக் கப்பல்களுக்காக வடிவமைத்திருந்தார். 1752இல் நியூகேட் சிறையின் கூரை மேல் ஒரு காற்றாலை வைத்து, அதன் மூலம் சிறை அறைகளின் கெட்ட காற்றை வெளியேற்ற ஏற்பாடு செய்யப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சிறைக் காய்ச்சல் என்பது டைஃபஸ் நோய். அது காற்றில் பரவுவதே இல்லை! உடையில் ஒட்டி வாழும் சீலைப்பேன் மூலம்தான் பரவுகிறது என்று 1909இல் சார்லஸ் நிக்கோல் கண்டுபிடித்தார், அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆக, ஹேல்ஸின் காரணம் தவறு. ஆனால் அவருடைய காற்றாலை, மூச்சு முட்டும் அறைகளுக்கு முதல் முறையாகக் காற்றைக் கொடுத்தது.

இதே கதைதான் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கும். கிரிமியப் போரின்போது 1854இல் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு அவர் போனார். அங்கே காயத்தால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்களே அதிகம். 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் 42 சதவீதம். மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று வந்தது. சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தையும் சரி செய்தது. ஜூன் மாதம் இறப்பு 2 சதவீதமாகக் குறைந்தது. நைட்டிங்கேல் பின்னர் எழுதிய செவிலியர் நூலின் முதல் அத்தியாயமே காற்றோட்டம் பற்றியதுதான். அவரும் கெட்ட காற்றுக் கொள்கையை நம்பியவரே. உயரமான கூரை, இரண்டு பக்கமும் வரிசையாகப் பெரிய ஜன்னல்கள் என்று மருத்துவமனை வார்டுகள் கட்டப்பட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மூனிக் பேராசிரியரின் கணக்கு

காற்று கெட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விடை சொன்னவர் ஜெர்மனியின் மூனிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் ஃபான் பெட்டென்கோஃபர். நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அறையில் ஆட்கள் கூடக்கூட, புதுக் காற்று குறையக்குறைய அதன் அளவு ஏறும். அந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு நேரடியாகக் கெடுதல் செய்யாது. ஆனால் மற்றவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு மூச்சாக இழுக்கிறோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். 1858இல் அவர் வைத்த எல்லை, பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு. இன்றும் உலகம் முழுவதும் இந்த 1000 என்ற எண்ணையே பேசுகிறார்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். அறைக்குள் எருக்குவியல் இருந்தால் ஜன்னலைத் திறந்து பயனில்லை, முதலில் எருவை அள்ளி வெளியே போட வேண்டும் என்றார். அடுப்புப் புகை, சிகரெட், புதுப் பெயிண்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஏறிய எண்

1824இல் தாமஸ் ட்ரெட்கோல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மூச்சுக்கும் உடலின் ஈரத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆளுக்கு நிமிடத்துக்கு 4 கன அடி போதும் என்றார். இது உயிரோடு இருக்கப் போதுமான கணக்கு. நோய் வராமல் இருக்கப் போதுமா?

போதாது என்றார் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ். அது காசநோய் வீட்டுக்கு வீடு உயிர் குடித்த காலம். 1893இல் எழுதிய நூலில் குறைந்தது 30 கன அடி வேண்டும், 60 இருந்தால் நல்லது என்றார். 1895இல் அமெரிக்கப் பொறியாளர்கள் சங்கம் 30ஐ ஏற்றுக்கொண்டது. பல மாநிலங்களில் பள்ளிகளுக்கு இது சட்டமானது. பெர்லின் அருகே 1904இல் மரங்களுக்கு நடுவே திறந்தவெளிப் பள்ளி தொடங்கப்பட்டது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய் சானடோரியம் தொடங்கியதும் இந்த அலையில்தான். இன்று மின்சார ரயிலில் "தாம்பரம் சானடோரியம்" என்று நிலையத்தின் பெயர் சொல்லும்போது, அது நல்ல காற்றைத் தேடி வந்தவர்களின் ஊர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இறங்கிய எண்

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று அல்ல, கிருமி என்பது நிரூபணமானது. பெட்டென்கோஃபருக்கு இது பிடிக்கவில்லை. கிருமி மட்டும் போதாது என்று காட்ட, 1892இல் தன் 73ஆவது வயதில் காலராக் கிருமிகள் உள்ள திரவத்தைக் குடித்தார்! லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். ஆனால் கொள்கைப் போரில் அவர் தோற்றுவிட்டார்.

கெட்ட காற்றுக் கொள்கையோடு சேர்ந்து நல்ல காற்றும் குப்பைக்குப் போனது. 1910இல் அமெரிக்க சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின், நோய்கள் பெரும்பாலும் தொடுவதால்தான் பரவுகின்றன, காற்றில் பரவுவது அபூர்வம் என்று எழுதினார். கைகழுவுதல் நல்ல பழக்கம்தான். ஆனால் காற்றோட்டம் இனி உயிர்ப் பிரச்சினை இல்லை, வெறும் சௌகரியம் என்று ஆகிவிட்டது. 1936இல் ஹார்வர்டில் யாக்லோ என்பவர், ஆட்கள் நிறைந்த அறைக்குள் சிலரை அனுப்பி வியர்வை நாற்றம் எவ்வளவு என்று மோந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். அதன் பிறகு 10 கன அடி இருந்தால் போதும் என்ற எண்ணம் நிலைத்தது. 30 என்பது நோயைப் பார்த்து வைத்த எண். 10 என்பது மூக்கைப் பார்த்து வைத்த எண்.

மருந்துகளும் வந்துவிட்டன. 1959இல் வெளியான புகழ்பெற்ற சென்னை ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் இருப்பவருக்கும் சாதாரண வீட்டில் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று காட்டியது. ஏழைகளுக்கு இது பெரிய வரம். ஆனால் காற்றை நினைவில் வைத்திருக்க இன்னொரு காரணமும் போய்விட்டது.

பிறகு 1973இல் எண்ணெய் நெருக்கடி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்தால் அதைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ எரிபொருள் வேண்டும். எனவே கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். 1981இல் அமெரிக்க ஆஷ்ரே அமைப்பின் விதி, புகைபிடிக்காத அலுவலகத்துக்கு 5 கன அடி போதும் என்றது. பழைய 4க்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்! தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று ஊழியர்கள் புகார் செய்தார்கள். வெளியே வந்தால் சரியாகிவிடும், உள்ளே போனால் திரும்ப வரும். இதற்கு "சிக் பில்டிங் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார்கள். 1989இல் எண் 15 ஆக உயர்ந்தது.

கினிப் பன்றிகள் சொன்ன சாட்சி

இதற்கிடையே இருவர் மட்டும் காற்றை மறக்கவில்லை. வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி என்ற அந்த அமெரிக்கர்கள், 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் மருத்துவமனையில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் மூலம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூண்டுகளில் கினிப் பன்றிகள் அந்தக் காற்றை மட்டும் சுவாசித்தன. நோயாளியைத் தொடவில்லை, பார்க்கவும் இல்லை. ஆனாலும் அவற்றுக்குக் காசநோய் வந்தது. புற ஊதா விளக்கால் சுத்தம் செய்த காற்றைச் சுவாசித்தவை தப்பின. காசநோய் காற்றில் பரவுகிறது என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டுமா?

2007இல் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், இயந்திரக் காற்றோட்டம் உள்ள நவீன அறைகளை விடக் காசநோய் தொற்றும் அபாயம் மிகக் குறைவு என்று கணக்கிட்டார்கள். பழைய அறையில் 11 சதவீதம், இயந்திர அறையில் 39 சதவீதம். நைட்டிங்கேல் பாணிக் கட்டடம் ஜெயித்துவிட்டது.

2020

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் ஏ.சி. உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குக் கொரோனா வந்தது. அங்கே ஆளுக்கு வந்த புதுக் காற்று நொடிக்கு 1 லிட்டர் அளவே என்று பின்னர் அளந்தார்கள். அதாவது நிமிடத்துக்கு 2 கன அடி. ட்ரெட்கோல்டு சொன்னதில் பாதி! மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு பாடகர் குழுவில் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தார்கள். வாசலில் கைக்குக் கிருமிநாசினி வைத்திருந்தார்கள், கட்டிப்பிடிப்பதையும் தவிர்த்தார்கள். ஆனாலும் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்ததாகக் கருதப்பட்டது. இருவர் இறந்தார்கள்.

அதே மாதம் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்று அறிவித்தது. 1910இன் நிழல் அவ்வளவு நீளம். 2021இல் அது தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 கன அடி வேண்டும் என்றது. 2023இல் ஆஷ்ரே, தொற்று பரவும் காலங்களில் அலுவலகங்களுக்கு ஆளுக்கு 30 கன அடி சுத்தமான காற்று என்று விதி வெளியிட்டது. 1895இன் அதே 30! ஒரே வித்தியாசம், வடிகட்டிச் சுத்தம் செய்த காற்றையும் இதில் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வெளியே புகையும் தூசியும் நிறைந்த நகரங்களுக்கு இது மிக முக்கியம். அங்கே ஜன்னலைத் திறப்பது மட்டும் தீர்வாகாது.

முடிவாக

தவறான கொள்கை ஜன்னலைத் திறந்தது. சரியான கொள்கை, பாதி மட்டும் புரிந்துகொள்ளப்பட்டதால், அதை மூடிவிட்டது. வரலாற்றில் இப்படியும் நடக்கும். ஒரு கொள்கை தோற்கும்போது அதோடு சேர்ந்து போகும் நல்ல பழக்கங்களையும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

நம் ஊரில் பழைய வீடுகளிலும் பள்ளிகளிலும் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் என்று ஒரு சின்னத் திறப்பு இருக்கும். சூடான காற்று மேலே ஏறி அது வழியே வெளியே போகும். ஏ.சி. வந்த பிறகு பல இடங்களில் அதை அடைத்துவிட்டார்கள். இதற்கு யாரும் வரி போடவில்லை. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது, புதுக் காற்று கொண்டுவருவதில்லை. 40 பேர் உட்காரும் மூடிய அறையில் மதியத்துக்கு மேல் கண் சொருகினால், காரணம் பாடம் மட்டும் அல்ல. பெட்டென்கோஃபரின் 1000 எப்போதோ தாண்டியிருக்கும்.

காற்றுக்கு ஒரு வழி வேண்டும். காலதர் என்று பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.