எலும்பு மஜ்ஜையா, கை ரத்தமா, தொப்புள்கொடியா? உயிர் காக்கும் ஸ்டெம்செல்: எது யாருக்கு நல்லது?

வேலூர்:

ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்துக்கே பாதி உயிர் போய்விடுகிறது. "ஸ்டெம்செல் மாத்தணும், யாராவது தானம் கொடுக்கணும்" என்றதும் மீதி உயிரும் போய்விடும். "முதுகுத்தண்டுல ஊசி குத்துவாங்களாம், கை-கால் விளங்காம போயிடுமாம்" என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதைக் கேட்டு கூடப்பிறந்தவர்களே தயங்கி நிற்பதும் உண்டு. உண்மை என்ன?

விதை நெல் மாதிரி

எலும்புக்குள் கூழ் போல இருப்பது மஜ்ஜை. அதில் உள்ள ஸ்டெம்செல்தான் ரத்தத்துக்கு விதை நெல். சிவப்பு அணு, வெள்ளை அணு, தட்டணு எல்லாமே இதில் இருந்துதான் உண்டாகின்றன. விதை கெட்டுப்போனால் நல்ல விதையை மாற்ற வேண்டும். அதுதான் இந்த சிகிச்சை.

1957-ல் அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் இந்த முயற்சியை தொடங்கினார். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983-ல் மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியிலும், 1986-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்த சிகிச்சை தொடங்கியது.

இடுப்பு எலும்பில் இருந்து...

முதல் வழி எலும்பு மஜ்ஜை. தானம் தருபவருக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பு எலும்பின் பின்பக்கம் இருந்து ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். முதுகுத்தண்டை தொடுவதே இல்லை. சில நாள் இடுப்பு வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். தலசீமியா போன்ற புற்றுநோய் அல்லாத நோய்களுக்கு பெரும்பாலும் இதைத்தான் டாக்டர்கள் விரும்புகிறார்கள்.

கை ரத்தத்தில் இருந்து...

இரண்டாவது வழிதான் இப்போது அதிகம் நடக்கிறது. தானம் தருபவருக்கு 4, 5 நாள் ஊசி போடுவார்கள். மஜ்ஜையில் உள்ள ஸ்டெம்செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். பிறகு ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, மெஷின் வழியாக ஸ்டெம்செல்லை மட்டும் பிரித்துவிட்டு, மறு கையில் திரும்ப ஏற்றி விடுவார்கள். 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலி, தலைவலி வரலாம்.

இந்த செல்கள் நோயாளி உடம்பில் சீக்கிரம் வேர் பிடிக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வந்த செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையே எதிரியாக நினைத்து தாக்கும். 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் தானம் பெற்றவர்களை ஒப்பிட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நீண்ட நாள் தொல்லை தரும் இந்த தாக்குதல், கை ரத்த முறையில் 100-க்கு 53 பேருக்கும், மஜ்ஜை முறையில் 41 பேருக்கும் வந்தது. அதேநேரம் செல்கள் வேர் பிடிக்காமல் போனது மஜ்ஜை முறையில் 9 பேர், கை ரத்த முறையில் 3 பேர்தான்.

தொப்புள்கொடி ரத்தம்

மூன்றாவது, பிரசவம் ஆனதும் தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தம். 1988-ல் பாரீசில் ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தம் முதன்முதலாக ஏற்றப்பட்டது. தாய்க்கோ, குழந்தைக்கோ இதனால் வலி இல்லை. பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஏற்றலாம். ஆனால் அளவு குறைவு. பெரியவர்களுக்கு பல நேரம் போதாது. வேர் பிடிக்கவும் நாள் பிடிக்கும். அதுவரை கிருமி தொற்று ஆபத்து அதிகம்.

காசு கட்டும் முன்...

"உங்க குழந்தைக்கு நாளைக்கு நோய் வந்தா இதுதான் காப்பாத்தும்" என்று சொல்லி, தொப்புள்கொடி ரத்தத்தை சேமிக்க தனியார் வங்கிகள் பெரிய தொகை கேட்கின்றன. ஆனால் தலசீமியா பிறவியிலேயே வருவது. அந்தக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். அதை அந்தக் குழந்தைக்கே ஏற்றி பலன் இல்லை. இப்படி தனக்காக சேமித்து வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஏற்கனவே நோய் இருந்தால் கதை வேறு. அப்போது டாக்டரை கேட்டு முடிவு செய்யலாம்.

யார் கொடுக்கலாம்?

கூடப்பிறந்த ஒருவர் முழுதாக பொருந்த 4-ல் 1 வாய்ப்புதான். இப்போது பாதி பொருத்தம் உள்ள அப்பா, அம்மாவிடம் இருந்தும் எடுத்து ஏற்றுகிறார்கள். வெளியாளாக தானம் தர விரும்புகிறவர்கள், சென்னையில் 2009-ல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' போன்ற அமைப்புகளில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்து பதிவு செய்யலாம். தலசீமியா குழந்தைகளின் சிகிச்சைக்கு கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 10 லட்சம் ரூபாய் வரை உதவும் மத்திய அரசு திட்டமும் உண்டு.

ஒன்றை மறக்கக்கூடாது. புது செல் ஏற்றும் முன் நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்து விடுவார்கள். அந்த நேரத்தில் "எனக்கு பயமா இருக்கு" என்று தானம் தருபவர் விலகினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. சந்தேகத்தை எல்லாம் முன்னாடியே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சரி என்று சொன்ன பிறகு பின்வாங்கக் கூடாது.