சாமணம் செய்த வடு

விமானம் ஒன்று வீழ்ந்துவிடின், ஓட்டியின் தவறோ, வானிலையின் சீற்றமோ என்பதே உலகம் முதலில் எழுப்பும் வினா. இவ்விரண்டும் அல்லாத மிகச் சிறிய பழுதும் பெருநாசம் விளைக்கும் என்பதற்கு 1962 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நிகழ்ந்த விபத்துச் சான்றாகும்.

அவ்வாண்டு மார்ச் மாதம் 1 ஆந் திகதி, விண்வெளியிற் பூமியை வலம்வந்து மீண்ட ஜோன் கிளென் என்பாரை வரவேற்க அந்நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. அன்று காலை பத்து மணி கழிந்து சில நிமிடங்களில், பின்னாளிற் கென்னடியின் பெயர் பெற்ற ஐடில்வைல்ட் விமான நிலையத்திலிருந்து, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 707 விமானம் லொஸ் ஏஞ்சலிஸ் நோக்கிக் கிளம்பியது. தெளிந்த வானில் எழுந்த அவ்விமானம் விதிமுறைப்படி இடப்பக்கம் திரும்பலாயிற்று. அத்திருப்பம் முடியுமுன்னரே சாய்வு மிகுந்தது. விமானம் புரண்டு, ஜமேக்கா குடாவின் ஆழமற்ற நீரில் வீழ்ந்து நொறுங்கியது. புறப்பட்டு இரண்டு நிமிடமும் நிரம்பவில்லை. பயணிகள் 87 பேர், பணியாளர் 8 பேர். ஆக 95 பேரில் ஒருவரேனும் பிழைத்திலர்.

விசாரணையாளர் சிதைவுகளை ஆராய்ந்து, வாலிலுள்ள சுக்கானின் ஆட்சியிலே கருத்தைச் செலுத்தினர். பின்சாய்ந்த இறக்கைகளையுடைய ஜெட் விமானங்கள் பக்கவாட்டில் ஊசலாடும் இயல்புடையன. அவ்வூசலை அடக்குவதற்கு, ஓட்டியின் கைப்படாமலே சுக்கானைச் சிறிது சிறிதாகத் திருப்பும் மின்பொறி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அப்பொறியினுள் ஓடும் மெல்லிய கம்பிகளின் காப்புறை பழுதுற்றால், மின்சாரம் நெறிதவறிப் பாயும். சுக்கானும் எவரும் ஏவாமலே திரும்பிவிடும்.

காப்புறை பழுதுற்றது எங்ஙனம்? இத்தகைய பொறிகள் ஆக்கப்பட்ட தொழிற்சாலையிற் பார்வையிட்டபோது, கம்பிகளைக் கட்டுதற்குக் கையாண்ட சாமணம் அவற்றைக் காயப்படுத்தியமை புலனாயிற்று. சுக்கான் ஆட்சியில் நேர்ந்த பழுதே விபத்துக்குரிய காரணமாகலாம் எனவும், அப்பழுதுக்குக் கம்பிகளின் குறுக்குத் தொடுப்பே மூலமாகலாம் எனவும் அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சபை 1963 இல் தீர்ந்தது.

உயரத்திற் பறக்கையில் இதே பழுது நேர்ந்திருப்பின், அதனை உணர்ந்து பொறியை நிறுத்த ஓட்டிக்குச் சிறிதேனும் அவகாசம் கிட்டியிருக்கலாம். தரையை ஒட்டிய திருப்பத்தில் அந்த அவகாசம் இல்லை. ஆகவே ஓட்டியின் திறமைக்கு நெடுநாள் முன்னரே, தொழிலாளியின் மேசையில், பயணிகளின் காவல் தொடங்குகின்றது. அங்கே விழுந்த வடு எவர் கண்ணிலும் படாமற் பறந்தது.