முதியோர் நிணநீர்ப் புற்றுநோயில் குருத்தணு மாற்று

முதியோர் நிணநீர்ப் புற்றுநோயில் குருத்தணு மாற்று என்பது, நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா) மீண்டும் தலையெடுத்த 60 அகவைக்கு மேற்பட்டோருக்கு மிகையளவு வேதிமருந்து செலுத்தி, அதனால் அழியும் எலும்பு மச்சையைக் குருதிக் குருத்தணுக்களைக் (ஸ்டெம் செல்) கொண்டு மீட்டெடுக்கும் மருத்துவ முறை ஆகும். நோயாளியின் சொந்த அணுக்களைப் பயன்படுத்துவது தன்மாற்று எனவும், கொடையாளியின் அணுக்களைப் பயன்படுத்துவது பிறர்மாற்று எனவும் வழங்கப்படும். தன்மாற்றில் புற்றுநோயை அழிப்பது மருந்தே, குருத்தணுக்கள் அல்ல. இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தியாகும்.

அகவை வரம்பு வந்த வழி

விரைந்து வளரும் நிணநீர்ப் புற்றுநோய் மீண்டவர்களுக்குத் தன்மாற்று பயன் தரும் என்பதைப் பார்மா ஆய்வு 1995 இல் நிறுவியது. இதில் சேர்க்கப்பட்ட 215 பேரில், வழக்கமான மருந்துக்கு நோய் இணங்கிய 109 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஐந்தாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் தன்மாற்றுக் குழுவில் 53 விழுக்காடு; மருந்து மட்டும் பெற்ற குழுவில் 32 விழுக்காடு. எனினும் 60 அகவையைக் கடந்தவர்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. முதியோருக்கு இம்முறை பயனற்றது என ஆய்வு கூறவில்லை. அவர்களை அது ஆராயவே இல்லை. ஆயினும் பின்னாளில் அந்த எண்ணே பல இடங்களில் தகுதி வரம்பாகக் கொள்ளப்பட்டது.

தகுதியை மதிப்பிடல்

தற்போது பிறந்த ஆண்டைவிட உடலின் நிலையே முதன்மையாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட உடன்நோய்க் குறியெண், இதயம், நுரையீரல், கல்லீரல், நீரிழிவு முதலிய 17 கூறுகளுக்கு மதிப்பெண் அளிக்கிறது. பிறர்மாற்றுக்கென உருவான இக்குறியெண் தன்மாற்றிலும் பயன்படுத்தப்படுகிறது. கடுமையான நுரையீரல் பாதிப்புக்கு 3 மதிப்பெண். 2014 இல் அகவையும் சேர்க்கப்பட்டபோது, 40 அகவையும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் கிடைத்தது 1 மதிப்பெண் மட்டுமே. ஆகவே, கடல்தொழிலில் உரம்பெற்ற உடல் கொண்ட 67 அகவையினர், நீரிழிவும் நுரையீரல் நோயும் முற்றிய 55 அகவையினரைவிடத் தகுதியானவராக இருக்கக்கூடும்.

செயல்முறை

வளர்ச்சிக் காரணி ஊசியின் மூலம் குருத்தணுக்கள் மச்சையிலிருந்து குருதிக்கு வரவழைக்கப்பட்டு, பிரித்தெடுக்கப்பட்டு, உறைநிலையில் காக்கப்படுகின்றன. நோயாளியின் எடையில் ஒரு கிலோகிராமுக்குக் குறைந்தது 20 இலட்சம் குருத்தணுக்கள் தேவை. முன்பே பலமுறை வேதிமருந்து பெற்ற முதியோரிடம் இவ்வளவு கிடைப்பது சிலவேளை கடினம். பின்னர் கார்மஸ்டின், எட்டோபொசைடு, சைட்டராபின், மெல்ஃபலான் ஆகிய நான்கு மருந்துகள் செலுத்தப்பட்டு, அணுக்கள் சிரை வழியே திருப்பி அளிக்கப்படும். வெள்ளையணுக்கள் மீள ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். இந்நாட்களே மிகவும் இடர் நிறைந்தவை: தொற்று, வாய்ப்புண், இதயத் துடிப்புச் சீர்கேடு ஆகியன முதியோரை எளிதில் வீழ்த்தும். சிலருக்கு மெல்ஃபலானின் அளவு குறைக்கப்படுகிறது.

பிறர்மாற்று முதியோருக்கு அரிதாகவே செய்யப்படுகிறது. மருந்தின் கடுமை குறைக்கப்பட்ட முறைகள் வந்த பின்னரே அது இயலுவதாயிற்று.

தமிழகத்தில்

இந்தியாவில் எலும்பு மச்சை மாற்று 1983 இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 இல் மருத்துவர் மாம்மென் சாண்டியின் முயற்சியால் இது தொடங்கப்பட்டது. சென்னையிலும் பல மையங்கள் உள்ளன. தூத்துக்குடி, திருச்செந்தூர் போன்ற முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களிலிருந்து வேலூர் 500 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. மருத்துவமனையில் தங்கும் சில வாரங்களோடு செலவு முடிவதில்லை. வீடு திரும்பிய பின்னும் காய்ச்சல் கண்டால் அது அவசர நிலை என்பதால், மையத்திற்கு அருகிலேயே மேலும் சில காலம் தங்க அறிவுறுத்தப்படும். முதியவருடன் உறவினர் ஒருவரும் வேலையை விட்டுத் தங்கியாக வேண்டும். உடல் தகுதி இருந்தும் சிகிச்சை கைகூடாமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம். மாற்றுக்குப் பின் குழந்தைப் பருவத் தடுப்பூசிகள் பலவற்றை மீண்டும் போட வேண்டும்.

புதிய போட்டி முறை

நோயாளியின் டி அணுக்களை மரபணு வழி மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி சிகிச்சை, தன்மாற்றின் இடத்தைப் பிடித்து வருகிறது. ஓராண்டுக்குள் நோய் மீண்ட, அல்லது முதல் சிகிச்சைக்கு நோய் இணங்காத 359 பேரிடம் நடந்த ஆய்வில் (முடிவு வெளியான ஆண்டு 2021) தன்மாற்றை நோக்கிய வழக்கமான சிகிச்சையைவிட இது சிறந்து விளங்கியது. அவர்களுள் 65 அகவையும் அதற்கு மேலும் உள்ளோரிடத்திலும் இதே முடிவே கிடைத்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. ஓராண்டுக்குப் பின் நோய் மீண்டு, மருந்துக்கு இணங்குவோருக்குத் தன்மாற்று இன்றும் செய்யப்படுகிறது.